கால் வேலி நிலமும் 15,263 டாலரும்

குடியேற்ற விண்ணப்பக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் கனடா மலிவு. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் ஒருவருக்கு 2025 நிலவரப்படி 1,525 டாலர். டாலர் 62 ரூபாய் என்று வைத்தால் 94,550. ஆஸ்திரேலியாவின் 189, 190, 491 விசாக்களில் எதுவானாலும் 2025 ஜூலை நிலவரப்படி 4,910 டாலர். 58 ரூபாய்க் கணக்கில் 2,84,780. மூன்று மடங்கு.

ஆனால் கனடாவின் ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவில் கையிருப்பும் காட்ட வேண்டும். 2025 ஜூலை நிலவரப்படி தனியாளுக்கு 15,263 டாலர், ஏறத்தாழ 9.46 லட்சம். நால்வர் குடும்பத்துக்கு 28,362 டாலர், 17.58 லட்சம். செலவாகாத பணம்தான், ஆனால் கடன் வாங்கிக் காட்டக்கூடாது, வங்கி ஆறு மாதச் சராசரி இருப்பை எழுதித் தரவேண்டும். உத்திரமேரூர்ப் பக்கம் சொத்து என்றால் ஏரிப் பாசன நிலமும் நகையும். நிலத்தின் மதிப்பு இந்தக் கணக்கில் சேராது. நகையை அடகு வைத்து வந்த பணமும் கடன்தான்.

இதே ஊரில் 921-இல் செதுக்கிய குடவோலைக் கல்வெட்டு நேர்மாறாக இருந்தது. ஊர்ச் சபையின் வாரியத்துக்கு நிற்க வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், வயது 35-க்கு மேல் 70-க்குள். வேதம் ஒன்றும் பாஷ்யம் ஒன்றும் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும். அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன், 919-இல், வயது 30 முதல் 60 வரைதான். விதி மாறுவது புதிதல்ல. கனடாவும் வேலை வாய்ப்புக் கடிதத்துக்குத் தந்த புள்ளிகளை 2025 மார்ச் 25-இல் எடுத்துவிட்டது.

ஆக, நிலமிருந்து ரொக்கமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு மூன்று மடங்குக் கட்டணமே லாபம்: 189-க்குக் கையிருப்பு கேட்பதில்லை. வயதுக்கான புள்ளியும் அங்கே நிதானமாகத்தான் குறைகிறது. 25 முதல் 32 வரை 30 புள்ளி, 33-இல் 25. கனடாவில் மணமாகாதவர் 29 வயதில் பெறும் 110, 33-இல் 88 ஆகிவிடும்; பணம் சேர்க்கக் காத்திருக்கும் நான்கு ஆண்டின் விலை 22 புள்ளி. மாகாண நியமனம் கிடைத்தால் 600 சேரும், இழப்பெல்லாம் மறந்துபோகும்.

ஆஸ்திரேலியாவில் 65 புள்ளி நுழைவாயில்தான். அழைப்பு பெரும்பாலும் அதற்கு மேலே. 190 ஐந்து புள்ளி தருகிறது, 491 பதினைந்து. பதிலுக்கு 491-காரர் பெருநகரங்களை விட்டு மூன்றாண்டு ஓட்டிய பிறகே பி.ஆர். கேட்க முடியும்.

ஜெர்மனியின் ப்ளூ கார்டில் வயதுப் புள்ளியே இல்லை. விசாக் கட்டணம் 75 யூரோ. 2025-இல் தேவைப்பட்ட குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 48,300 யூரோ, ஆள் பற்றாக்குறையுள்ள தொழில்களுக்கு 43,759.80. ஜெர்மன் மொழி பி1 தேறினால் 21 மாதத்தில் நிரந்தர உரிமை, ஏ1 மட்டுமென்றால் 27. வேலை பிடித்துத் தரும் பதிவுபெற்ற முகவர் 30,000 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 35,400-க்கு மேல் வாங்கக்கூடாது.