கார் ஆயிலை வீட்டிலேயே மாத்தலாமா? இன்ஜின் ஓகே.. கியர்பாக்ஸில் கை வைக்கும் முன் இதைப் படிங்க!

திருக்கனூர் பக்கம் இருப்பவர்களுக்கு கம்பெனி சர்வீஸ் என்றால் பெரும்பாலும் புதுச்சேரி, இல்லாவிட்டால் விழுப்புரம்தான். வண்டியை விட்டுவிட்டு வந்து திரும்ப எடுத்து வருவதற்குள் ஒரு நாள் வேலை கெட்டுவிடும். 'வீடியோ பார்த்து நாமே ஆயில் மாத்திட்டா என்ன?' என்று தோன்றுவது நியாயம்தான். மாற்றலாம். ஆனால் எல்லா ஆயிலையும் அல்ல.

எந்த ஆயில்?

கடைக்காரர் கொடுப்பதை வாங்கி ஊற்றும் காலம் போயாச்சு. மாருதியின் புதிய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-16 என்ற மெல்லிய ஆயில்தான் சொல்லப்பட்டிருக்கிறது. 'கெட்டியா இருந்தாதான் இன்ஜினுக்கு நல்லது' என்று 20டபிள்யூ-50 ஊற்றினால் மைலேஜ் குறையும். பிஎஸ்-6 டீசல் கார்களில் புகையை வடிகட்டும் ஃபில்டர் இருக்கிறது. சாம்பல் குறைவாகத் தரும் ஆயில் ஊற்றாவிட்டால் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதை மாற்றும் செலவு, சேமித்த சர்வீஸ் கூலியைப் போல பல மடங்கு! காரோடு வந்த புத்தகத்தில் கிரேடும் அளவும் இருக்கும், அதை மட்டும் நம்புங்கள்.

அடியில் படுக்கும் முன்

காரோடு வரும் ஜாக்கி, டயர் மாற்ற மட்டும்தான். அதை நம்பியோ, ஹாலோ பிளாக் கல்லை அடுக்கியோ காருக்கு அடியில் போகவே போகாதீங்க. கல் சொல்லாமல் உடையும். சமதளத்தில் நிறுத்தி, இரும்பு ஸ்டாண்ட் அல்லது ரேம்ப் வைத்து, மற்ற டயர்களுக்கு கட்டை கொடுத்த பிறகே வேலை. இன்ஜினை சில நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் ஆயில் இளகி நன்றாக இறங்கும். கொதிக்கும் சூட்டில் திறந்தால் கை வெந்துவிடும்.

பலர் தவறுவது இங்கேதான்

சில கார்களில் இன்ஜின் ட்ரெயின் போல்ட்டும் கியர்பாக்ஸ் போல்ட்டும் பக்கத்து பக்கத்தில் இருக்கும். கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கிவிட்டு, புது ஆயிலை இன்ஜினில் ஊற்றிவிட்டால்? இன்ஜினில் இரண்டு மடங்கு ஆயில், கியர்பாக்ஸ் காலி. அப்படியே ஓட்டினால் இரண்டுமே போச்சு.

இதற்கு எளிய வழி, இறக்கி முடித்ததும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்ப்பது. அதில் இன்னும் ஆயில் ஒட்டினால் திறந்தது தப்பான போல்ட், ஸ்டார்ட் பண்ணாதீங்க. சரியாக இறங்கியிருந்தால் புது வாஷர், புது ஃபில்டர் போட்டு, அளவில் கொஞ்சம் குறைவாக ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு அணைத்து, சில நிமிடம் கழித்து மீதியை நிரப்பலாம். போல்ட்டை பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும்.

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிறீர்களா?

அப்படியென்றால் கியர்பாக்ஸை விட்டுவிடுங்கள். சிவிடி-க்கு அதற்கென்றே தனி ஆயில் உண்டு. சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயில் ஊற்றினால் உள்ளே பெல்ட் வழுக்கும். பல மாடல்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது. ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது, கம்ப்யூட்டரை மாட்டி, இன்ஜின் ஓடும் நிலையில் அளவு பார்க்க வேண்டும். வீட்டு வாசலில் நடக்கிற காரியமா இது? மேனுவல் கியர்பாக்ஸ் என்றால் அனுபவம் உள்ளவர்கள் செய்யலாம். ஒரு விஷயம்: நிரப்பும் போல்ட் திறக்கிறதா என்று பார்த்த பிறகே இறக்கும் போல்ட்டைத் திறக்கணும்.

பழைய ஆயிலை என்ன செய்வது?

வேலியோரம் கொட்டுவதும், கரையானுக்கு மரத்தில் பூசுவதும் கிராமங்களில் சகஜம். ஒரு முறை மாற்றும் ஆயில், 10 லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்கிறது அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. சங்கராபரணி ஆற்றையும் போர் தண்ணீரையும் நம்பி கரும்பும் நெல்லும் போடும் மண்ணில் இது சின்ன விஷயம் இல்லை. தோலுக்கும் ஆகாது, கையுறை கட்டாயம்.

பழைய ஆயிலை மறுசுழற்சி செய்யும் பொறுப்பு 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் தயாரிக்கும், இறக்குமதி செய்யும் நிறுவனங்களுக்கு சட்டப்படியே வந்துவிட்டது. புது ஆயில் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி மூடி, தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல், கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.