புதுக்கோட்டைப் பெண்ணும் கணிப்பொறியும்

ஆண்கள் மட்டுமே படித்துவந்த புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலே சேர ஒரு பெண் வந்தார். கல்லூரியே கெட்டுவிடும் என்று பதறினர் பழமை விரும்பிகள். மன்னரோ இடம் கொடுத்தார். அந்தப் பெண்தான் முத்துலட்சுமி அம்மையார்! 1912-ல் டாக்டரானார். உடன்பிறந்த தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரந்தான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது.

மருத்துவமனை எழுந்தால் போதுமா? நோய் யாரை, எந்த வயதிலே, எந்த உறுப்பிலே தாக்குகிறது என்ற கணக்கு வேண்டாமா? 1981-ல் சென்னை நகருக்கென அங்கே ஒரு பதிவேடு தொடங்கினார்கள். பெண்களிடையே அன்று கருப்பைவாய்ப் புற்றுக்கே முதலிடம். பின்னர் அது குறைய, மார்பகப் புற்று முந்திக்கொண்டது. இதைச் சொன்னது ஆரூடமல்ல, ஏடு!

இன்று அந்தக் கணக்கு உயிரணுவுக்குள்ளேயே நுழைந்துவிட்டது. மனிதனின் மரபு ஏட்டிலே ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். நோயாளியின் இரத்தத்திலிருந்து ஒரு படி, கட்டியிலிருந்து ஒரு படி. இரண்டையும் ஒத்துப்பார்த்து, பிழை எங்கே என்று காட்டுகிறது கணிப்பொறி. அச்சகத்திலே புரூப் பார்க்கும் தோழருக்கு இது எளிதில் விளங்கும். ஆனால் இந்த ஏட்டைக் கண்ணால் பார்த்து முடிக்க அவருடைய ஆயுள் போதாது!

பிழையைக் கண்டு என்ன பயன்? மார்பகப் புற்றுகளிலே ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, 'ஹெர்-2' என்ற மரபணு அளவுமீறிப் பெருகியதால் வளர்வது. அதற்கென்றே ஒரு மருந்து 1998-ல் அமெரிக்காவிலே வந்தது. அந்தக் கோளாறு உள்ளவருக்கு அது உயிர்காக்கும். இல்லாதவருக்குக் கொடுத்தால் காசுதான் கரையும்.

ஆனால், உலகம் சேர்த்துவைத்துள்ள மரபணு ஏடுகளிலே மிகப் பெரும்பகுதி ஐரோப்பிய வழியினருடையது. அவர்கள் உடலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை நமக்கு எப்படிப் பொருந்தும்? 2025 பிப்ரவரியிலே சென்னை ஐ.ஐ.டி., இந்திய மார்பகப் புற்றுநோயாளிகள் 480 பேரின் திசுக்களை ஆய்ந்து ஒரு மரபணுத் தொகுப்பை வெளியிட்டது. சிறுதொகைதான், ஆனாலும் நம்மவர் கணக்கு.

அம்மையார் பிறந்த புதுக்கோட்டையிலே 2017-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கந்தர்வகோட்டையிலே முந்திரி பொறுக்கும் தாய்க்கு மார்பிலே கட்டி என்றால், இந்தப் பரிசோதனை காசில்லாமல் அங்கேயே நடக்கவேண்டும். அவர் தரும் சதைத்துணுக்கு எதற்குப் பயன்படும் என்பதைத் தமிழிலே சொல்லி, சம்மதம் பெறவேண்டும். அதிலிருந்து பிறக்கும் மருந்தை எந்தக் கம்பெனி விற்றாலும், அவர் கூலிக்கு எட்டாத விலை வைக்க விடலாமா? நம் தொழிற்சங்கங்கள் இதை இப்போதே கேட்கவேண்டும்.