சர்ச் லேப் ஆச்சு... குடோன் ஆகுமா? பழைய கட்டடத்துக்குள் ஆய்வகம் வருவது எப்படி?

பாம்பன் பாலம் தாண்டினால் அக்காள்மடம், தங்கச்சிமடம், அடுத்து பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். அந்தத் தீவுக்காரர் ராக்கெட் வேலையைத் தொடங்கிய லேப், லேப்பாகக் கட்டப்பட்டதே இல்லை!

கேரளத்தின் தும்பா கடற்கரை. காந்த நடுக்கோடு அருகில் போவதால் ராக்கெட் ஏவ அந்த இடம் தேவைப்பட்டது. அங்கே இருந்ததோ மீனவர் குடியிருப்பும் புனித மகதலேனா மரியாள் தேவாலயமும்தான். பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரைரா ஒப்புக்கொள்ள, சர்ச்சும் பிஷப் இல்லமும் ராக்கெட் வேலைக்கு வந்தன. மாட்டுக்கொட்டகைகூட லேப் ஆனது. 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் பறந்தது. இடம் கொடுத்த மீனவக் குடும்பங்கள் வேறு இடத்துக்குப் போனார்கள். ராக்கெட் கதையில் இந்தப் பகுதி பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துவிடும்.

இன்று உலகம் முழுக்க பழைய குடோன்களுக்கு இதே யோகம். அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில், முதல் உலகப்போர் காலத்து ராணுவக் கிடங்கில் உயிரித் தொழில்நுட்ப லேப்கள் இயங்குகின்றன. காரணம் சிம்பிள்: மூட்டை அடுக்கக் கட்டியது என்பதால் தளம் எடை தாங்கும். கூரை உயரம் என்பதால் காற்றுக் குழாய்களைத் தாராளமாகக் கொண்டுபோகலாம்.

சரி, அக்காள்மடம் பக்கம் ஒரு பழைய குடோன் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெயின்ட் அடித்து, ஏசி மாட்டினால் போதுமா? போதாது.

முதலில் கம்பியைப் பார்க்கணும். உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கி கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு உப்பி, கான்கிரீட்டைப் பிளக்கும். எடை தாங்குமா என்பதை இன்ஜினீயர் சோதித்துச் சொல்ல வேண்டும். அடுத்தது காற்று. ரசாயன லேப்பில் உள்காற்றை ஆபீஸ் ஏசி மாதிரி சுற்றவிட முடியாது; வெளியேற்றிவிட்டு புதுக்காற்றைக் குளிரவைக்கணும். கரன்ட் பில் எகிறுவது இங்கேதான். வெளியேற்றும் குழாயை எங்கே வைப்பது என்பதும் லேசான கேள்வி இல்லை. தெற்கே இருந்து சோழகம், வடக்கே இருந்து வாடை என்று காற்று மாறும் ஊர். எந்தப் பருவத்திலும் புகை பக்கத்து வீட்டுக்குள் போகக் கூடாது. நுண்ணோக்கி வைப்பதென்றால், ரோட்டில் லாரி போகும் அதிர்வுகூடப் பிரச்சினைதான்.

எல்லாவற்றையும்விடப் பெரியது கழிவுநீர். ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. பவளப் பாறை இருக்கிற கடல். வலை போட்டுப் பிழைக்கிறவர்களின் கடல். குடோனுக்கு இருந்த பழைய சாக்கடையில் ஒரு பீக்கர் ரசாயனம்கூடப் போகக் கூடாது. அதற்குத் தனிக் குழாய், தனித் தொட்டி, சுத்திகரிப்பு வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியும் வாங்க வேண்டும். வாடகை பேசுவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது.

தும்பா சர்ச் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். இடம் மாறிய மக்களுக்குப் பள்ளித்துறையில் புது தேவாலயம் இருக்கிறது.