முற்றத்து அடுப்பும் அதன் தளமும்

அயல் மாநிலங்களில் குடியேறிய நம்மவரிற் சிலருக்கு வீட்டின் பின்புறம் சிறிது நிலம் வாய்க்கிறது. அங்கே பொங்கலிடவும், மாலையில் சுற்றத்தாருடன் தீயைச் சூழ்ந்து அமரவும் ஓர் இடம் அமைக்க விரும்புவோர், நெய்யாற்றின்கரையை அடுத்த அதியன்னூர் வட்டாரத்தை நினைவிற் கொள்ளலாம். 1956 நவம்பர் முதல் நாள் கல்குளம், விளவங்கோடு முதலிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் அடுப்புக்கற்கள் மட்டும் மூன்றே.

திருவனந்தபுரத்து ஆற்றுக்கால் பொங்கலின்போது இலட்சக்கணக்கான பெண்கள் தெருவோரத்தில் மூன்று செங்கல் அடுக்கிப் பானை ஏற்றுகின்றனர். 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் பெருந்தொற்றின் காரணமாக அவர்கள் தத்தம் வீடுகளிலேயே பொங்கலிட நேர்ந்தது. ஒருநாள் அடுப்புக்கு அந்த மூன்று செங்கல் போதும். ஆண்டு முழுதும் நிலைக்க வேண்டிய அடுப்புக்கு நீரை வெல்லும் வழியும் வேண்டும். ஏனெனில் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் அந்நிலத்தை நனைக்கின்றன.

கல்லுக்குள் தங்கிய நீர் ஆவியானால், அதன் பருமன் 1,600 மடங்கிற்கும் மேலாகப் பெருகும். வெளியேற வழியில்லையேல் கல் வெடித்துச் சில்லுகள் தெறிக்கும், கண்ணுக்குக் கேடு. ஆற்றில் பொறுக்கிய உருண்டைக்கற்கள் பார்வைக்கு அழகியவை. தீயருகே அவை ஆகா. வெட்டுக்கல்லோ வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப்பட்டு இறுகுவது. மலபாரில் அதனைக் கண்ட புக்கானன், 1807இல் வெளியான தம் நூலில் அதற்கு 'லாட்டரைட்' என்று பெயரிட்டார். நுண்துளை மிக்க அக்கல்லும் நீரைக் குடிக்கும். ஆதலின் தீப்படும் உள்வட்டத்திற்கு நன்கு சுட்ட, உலர்ந்த செங்கல்லையும், வெளிச்சுற்றுக்கும் தளத்திற்கும் வெட்டுக்கல்லையும் கொள்வதே தக்கது.

வீட்டுச்சுவரிலிருந்து பத்தடியேனும் விலகி, தலைக்குமேல் தென்னோலை தொங்காத இடத்தைத் தேர்க. மூன்றடி அகலமும் ஓரடி ஆழமும் உடைய குழி போதும். அடிமண்ணைத் திமிசுக்கட்டையால் இடித்து, நான்கங்குலத்திற்குச் சரளை பரப்பினால் மழைநீர் கீழிறங்கும். செங்கல்லைக் களிமண்ணும் மணலும் குழைத்துக் கட்டுக. சிமெண்டுக் கலவை கடுஞ்சூட்டில் விரிசல் விடும். காற்று வருந்திசையில் வாய் விட்டால், விறகு தள்ளுபவர் புகையில் மூழ்கமாட்டார். சுற்றுத்தளத்தைப் பத்தடிக்கு இரண்டங்குலம் சரிவாக, வீட்டிற்கு எதிர்ப்புறம் நீர் வடியுமாறு இடுக. புதிதாகச் செய்வோர் பெரும்பாலும் விட்டுவிடுவது இச்சரிவையே.

டெல்லி முதலிய நகரங்களில் திறந்தவெளித் தீக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. மண்வெட்டியை எடுக்குமுன் நகராட்சியில் கேட்டறிதல் வேண்டும்.

கட்டியவுடன் பெருந்தீ வளர்த்தலாகாது. சிலநாள் உலரவிட்டு, சிரட்டைத் துண்டுகளால் சிறுதீ மூட்டி ஈரத்தைப் போக்குக. ஒரு வாளி நீரோ மணலோ அருகில் இருக்கட்டும். அணைந்ததுபோல் தோன்றும் சாம்பலினுள் கனல் மறுநாள் வரையும் ஒளிந்திருக்கக்கூடும். தென்னையின் தூரில் அதைக் கொட்டுமுன் நீர் தெளித்துக் கிளறிப் பார்க்க வேண்டும்.