ஆட்சிக்கு வந்த ஆசிரியர்

ஆப்பிரிக்க நாடுகளின் விடுதலை வரலாற்றைப் படிக்கும்போது, பதவியைத் தாமாகவே துறந்த தலைவர்கள் யார் யார் என்று நான் தேடுவதுண்டு. அத்தகையோர் மிகச் சிலரே. அவர்களில் ஒருவர் தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரே.

1922-ல் புட்டியாமா என்னும் சிற்றூரில் பிறந்த அவர், மக்கரேரேயிலும் எடின்பரோவிலும் பயின்று பள்ளி ஆசிரியரானார். 1954-ல் தாங்கனிக்கா ஆப்பிரிக்க தேசிய சங்கம் தோன்றியபோது அதன் தலைவரானார். மறு ஆண்டே ஆசிரியர் வேலையை விட்டார். ஆயினும் 'முவாலிமு', அதாவது ஆசிரியர், என்றே மக்கள் அவரை இறுதிவரை அழைத்தனர். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரை சுவாஹிலியில் பெயர்த்தவரும் இவரே. இலக்கிய மாணவர்கள் இதனைக் குறித்துக்கொள்ளலாம்!

1961 டிசம்பரில் நாடு விடுதலை பெற்றது. 1962-ல் குடியரசுத் தலைவரானார். 1964-ல் சான்சிபாரும் இணைந்து தான்சானியா உருவாயிற்று.

1967-ல் வெளியான அருஷா பிரகடனமே அவர் கொள்கையின் உயிர்நாடி. வங்கிகள் நாட்டுடைமையாயின. கட்சி, அரசுத் தலைவர்கள் கம்பெனிப் பங்கு வைத்திருக்கலாகாது, வீட்டை வாடகைக்கு விடலாகாது என விதிக்கப்பட்டது. நம் காலத்து அரசியல்வாதிகளுக்கு இவ்விதி எப்படி இனிக்கும்?

சிதறி வாழும் குடியானவர்கள் ஒரே ஊராகக் கூடினால் பள்ளியும் மருந்தகமும் குடிநீரும் தருவது எளிது. நிலத்தைக் கூட்டாக உழலாம். 'உஜமா' என்ற இத்திட்டத்தில் யாரையும் வற்புறுத்தலாகாது என்று அவரே 1968-ல் எழுதினார். மக்களோ மெதுவாகத்தான் வந்தார்கள். 1973-ல் அவர் பொறுமையிழந்தார். ஊர்களில் குடியேறுவது கட்டாயமாயிற்று. லட்சக்கணக்கானோர் லாரிகளில் ஏற்றப்பட்டனர். திரும்பி வராதிருக்கச் சில இடங்களில் பழைய வீடுகள் இடிக்கப்பட்டன. வயல் ஓரிடம், வீடு ஓரிடம் என்றானது. வறட்சியும் சேர்ந்துகொள்ள, தானியத்தை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று.

மண்ணை அறிந்த உழவனிடம் கேளாமல், மேசையில் வரைந்த ஊர்ப்படத்தை நம்பியதே இங்கு நேர்ந்த பிழை என்பது என் கருத்து. எதிர்க்கட்சி இல்லாத நாட்டில் அதை எடுத்துச் சொல்வார் யார்? 1965 முதல் அங்கே ஒரே கட்சிதான். விசாரணையின்றிக் காவலில் வைக்கும் சட்டமும் இருந்தது. அதே ஆட்சியில்தான் எழுத்தறிவு பெருகிற்று, நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் சுவாஹிலியால் ஒன்றுபட்டன என்பதையும் மறைப்பதற்கில்லை.

1985-ல் அலி ஹசன் முவின்யியிடம் ஆட்சியை ஒப்படைத்து, நைரேரே புட்டியாமாவுக்குத் திரும்பினார். 1990 வரை கட்சித் தலைமை மட்டும் அவரிடம் இருந்தது. அவர் நெடுநாள் எதிர்த்துவந்த பன்னாட்டு நிதி நிறுவனத்துடன் புதிய அரசு 1986-லேயே ஒப்பந்தம் செய்துகொண்டது.