காரைக்கால் மாங்கனியும் கோர்சிகாவின் எலுமிச்சைச் சீஸ்கேக்கும்

தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து 1739-இல் பிரெஞ்சுக்காரர் பெற்று, இடையிடையே ஆங்கிலேயரிடம் இழந்து மீட்டு, 1954 நவம்பர் 1 வரை ஆண்ட காரைக்கால், 1768-இல்தான் பிரான்சின் வசமான கோர்சிகாத் தீவைவிட முன்னதாகவே பிரெஞ்சுக் கொடியைக் கண்ட நிலம். அந்தத் தீவின் பண்டமான ஃபியாதோன், அடியில் பிஸ்கட் தளம் இல்லாத எலுமிச்சைச் சீஸ்கேக். தேவையான பொருள்கள் எல்லாம் எளிதில் கிடைப்பதால் காரைக்கால் அடுக்களைக்கு மிகவும் பொருந்துவது.

கோர்சிகர்கள் இதற்குப் பயன்படுத்தும் புரோச்சு என்பது, சீஸ் எடுத்தபின் எஞ்சும் தெளிநீரை ஆட்டுப்பாலுடன் சூடாக்கித் திரட்டும் மென்மையான பால்கட்டி. அதற்கு ஈடாக, இரண்டு லிட்டர் கொழுப்பு நீக்காத பாலை எலுமிச்சைச் சாற்றால் திரித்து, துணியில் வடித்தால் ஏறத்தாழ 400 கிராம் பனீர்த்திரள் கிடைக்கும். பாரம் வைத்து முழுவதும் பிழிந்துவிட்டால் கேக் மணல்போல் உதிரும் என்பதால், ஈரப்பதம் இருக்கும்போதே அதை மிக்சியில் வெண்ணெய்போல் அரைத்துக்கொள்ள வேண்டும்.

எலுமிச்சையின் மணம் சாற்றில் இருப்பதைவிடத் தோலின் மேற்புற எண்ணெய்ப் பைகளிலேயே மிகுதியாக உள்ளது. ஆகவே இரண்டு பழங்களின் மேல்தோலை மட்டும், கசக்கும் வெள்ளைப் பகுதி சேராமல் துருவி, 150 கிராம் சர்க்கரையுடன் விரல்களால் பிசைந்தால், சர்க்கரை அந்த எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பலர் அவசரத்தில் விட்டுவிடும் இந்தப் படிதான் சுவையைத் தீர்மானிக்கிறது. பின்னர் அதை அரைத்த பனீர்த்திரளுடன் கலந்து, நான்கு முட்டைகளை அடித்துச் சேர்த்து, வெண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, ஓவனில் 160 டிகிரி செல்சியஸில் சுமார் 40 நிமிடம் வேகவைக்க வேண்டும்.

முட்டையின் புரதம் வெப்பத்தில் இறுகிக் கலவையைத் தாங்குகிறது. வெப்பம் மிகுந்தால் அளவுக்கு மீறி இறுகி, நீரை வெளியேற்றி, மேற்பரப்பைப் பிளக்கிறது. எனவே ஓரம் உறுதிப்பட்டு நடுப்பகுதி சற்றே தளதளக்கும் நிலையில் அடுப்பை அணைத்து, உள்ளேயே மெல்ல ஆறவிடுவது நல்லது.

மேலே ஊற்றும் இனிப்புக் குழம்புக்கு மாம்பழத்தைவிடப் பொருத்தமானது காரைக்காலில் வேறில்லை. கணவர் அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைச் சிவனடியாருக்குப் படைத்த புனிதவதியார், காரைக்கால் அம்மையாராகப் போற்றப்படுவதும், அதை நினைந்து ஆனிப் பௌர்ணமியில் நடக்கும் மாங்கனித் திருவிழாவில் பக்தர்கள் வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகளை இறைப்பதும் தமிழகம் அறிந்தவை. நன்கு பழுத்த பழத்தின் கூழைச் சிறிது சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, பளபளப்பு வரும்வரை சிறுதீயில் கிளறி ஆற்றினால் குழம்பு தயார். கேக் சூடாக இருக்கையில் இதை ஊற்றினால் மேற்பரப்பு நெகிழ்ந்துவிடும். ஓரிரவு குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் பரிமாறும் வேளையிலேயே ஊற்ற வேண்டும்.