கடல் நீரில் ஓர் எல்லைக்கோடு

1924-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அமெரிக்காவின் நியூயார்க், சிகாகோ, வாஷிங்டன் நகரங்களில் டைபாய்டு சுரம் பரவியது. நோயுற்றோர் சுமார் 1,500 பேர். இறந்தோர் சுமார் 150 பேர். ஆராய்ந்தபோது, நோயைக் கொண்டுவந்தது பச்சையாகவே உண்ணப்பட்ட சிப்பி என்று தெரிந்தது.

சிப்பிக்கு ஏன் இந்தப் பழி? அது உண்ணும் விதத்தைக் கவனித்தால் விளங்கும். சிப்பி இரை தேடி அலைவதில்லை. ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, செவுள்களிலுள்ள நுண்ணிய மயிரிழைகளை அசைத்து நீரை உள்ளே இழுக்கிறது. அதில் மிதக்கும் நுண்பாசிகளை வடித்தெடுத்துக்கொண்டு நீரை வெளியே விடுகிறது. வளர்ந்த சிப்பி ஒன்று, சூழ்நிலை ஒத்துவந்தால், நாளொன்றுக்கு 150 லிட்டருக்கும் மேல் வடிகட்டும். கடல் தெளிவடைய இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பக்கத்தில் ஊர்ச் சாக்கடை கலந்தால், நீரில் சிதறிக் கிடக்கும் கிருமிகளும் சிப்பியின் உடலில் வந்து சேர்ந்துவிடும்.

1925 பிப்ரவரியில் வாஷிங்டனில் அதிகாரிகளும் சிப்பி வணிகர்களும் கூடினர். சிப்பியை மட்டும் சோதித்தால் போதாது, அது வளரும் நீரையே சோதிக்க வேண்டும் என்ற முறை அதிலிருந்து வளர்ந்தது. இன்று அங்கே கரையோர நீர்ப்பரப்பு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சோதனையில் டைபாய்டு கிருமியையே தேடுவதில்லை. அது அரிதாகத்தான் அகப்படும். மனிதர், விலங்குகளின் குடலில் ஏராளமாக வாழும் கோலிபார்ம் பாக்டீரியாவை எண்ணுகிறார்கள். அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். பல மாதிரிகளின் இடைநிலை அளவு 100 மில்லிலிட்டர் நீரில் 14-க்கு மேல் போகாவிட்டால் அங்கே தாராளமாக அறுவடை செய்யலாம். சற்று மாசுபட்ட மண்டலத்துச் சிப்பியைத் தூய நீருக்கு மாற்றி, சில வாரங்கள் வைத்திருந்த பிறகே விற்கலாம். கழிவுநீர்க் குழாய் கடலில் சேரும் இடத்தைச் சுற்றி முழுத் தடை.

சில மண்டலங்கள் மழையைப் பார்த்து மூடப்படுகின்றன! பெருமழை தெருக் கழிவையெல்லாம் கடலுக்கு அடித்துவருமல்லவா? ஊரார் விடும் சாக்கடைக்குச் சிப்பி வளர்ப்பவர் நட்டப்படுகிறார். இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனாலும் கோட்டை அழித்தால் நோய் வரும். சாக்கடையைச் சுத்திகரித்தால்தான் கோடு நகரும்.

சாக்கடை கலக்காத நீரிலும் ஆபத்து உண்டு. 1981-இல் கல்பாக்கத்துக்கு அருகே வாயலூரில் மட்டி உண்டவர்களில் மூவர் இறந்தனர். சிலவகை நுண்பாசிகள் பெருகும்போது அவற்றின் நஞ்சு மட்டியின் சதையில் சேர்ந்து, உண்பவரின் தசைகளைச் செயலிழக்கச் செய்கிறது. கொதிக்க வைத்தாலும் இந்நஞ்சு அழிவதில்லை. சுவையிலும் மணத்திலும் வேறுபாடு தெரியாது. எனவே 100 கிராம் சதையில் 80 மைக்ரோகிராம் நஞ்சு காணப்பட்டாலே அமெரிக்காவில் அந்த மண்டலத்தை மூடிவிடுகிறார்கள். அளவு குறைந்ததைச் சோதனை காட்டிய பிறகே படகுகள் மறுபடியும் அறுவடைக்குப் போகின்றன.